கையில் இருக்கும் செல்போன் யாருடையது?

ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கோட்டாற்றில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் வாலிபர் ஒருவர் வந்து ஸலாம் சொல்லி, சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டார்:

"ஹஸ்ரத், ஒரு மஸ்அலா. கம்பெனிக்காரன் பசை போட்டு ஒட்டி அனுப்புற போனை நாங்க சூடு காட்டித் திறக்குறோம். பேட்டரி மாத்துறோம், டிஸ்ப்ளே மாத்துறோம். சில பேருக்கு உள்ள இருக்க சாஃப்ட்வேரையே எடுத்துட்டு வேற போட்டுக் குடுக்குறோம். திறந்தா கேரண்டி கெடையாதுன்னு கம்பெனி எழுதி வெச்சிருக்கு. எனக்க சம்பாத்தியம் ஹலால் ஆகுமா?"

நான் அதிகம் யோசிக்கவில்லை. "விற்றவனின் நிபந்தனையை ஏற்றுத்தானே வாங்குகிறார்கள்? அதை மீறுவதற்கு நீர் துணை போகலாமா? பேணுதலாக இருப்பதுதான் நல்லது" என்றேன். "சரி ஹஸ்ரத்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். வேறு ஏதோ கேட்க வந்தவர் அதைக் கேட்காமலேயே போகிறார் என்பது போல் எனக்குப் பட்டது. இருந்தும் நான் கூப்பிடவில்லை.

அன்று இரவு வீட்டில் என் உம்மா செல்போனை எடுத்து, பொத்தான்களை விரலால் தடவித் தடவி, ஸவூதியிலிருக்கும் என் காக்காவை அழைத்தார்கள். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. உம்மாவுக்குக் கண் பார்வை மங்கி நான்கு வருடமாகிறது. தொடுதிரை போன் அவர்களுக்கு வெறும் கண்ணாடித் துண்டு. பட்டன் போனிலும் எண்களைத் தேட முடியாமல் யாரையாவது தவறாக அழைத்துவிட்டு வெட்கப்படுவார்கள். அதே வாலிபர்தாம் ஒரு பழைய பட்டன் போனை எடுத்து அதற்கு வழி செய்து கொடுத்தார். எல்லாப் பட்டன் போனிலும் 5ஆம் பொத்தானில் ஒரு சிறு மேடு இருக்கும்; பார்க்காமலே விரல் இடம் அறிவதற்காக வைத்தது; நம்மில் பலர் அதைக் கவனித்தே இருக்க மாட்டோம். அவர் 2ஆம் பொத்தானில் பசையால் ஒரு புள்ளியும், 8ஆம் பொத்தானில் இரண்டு புள்ளிகளும் வைத்து அரத்தால் மழித்தார். தேவையில்லாத எண்களுக்கு அடியிலிருந்த சிறு தகரக் குமிழ்களை எடுத்துவிட்டார். தப்பித்தவறி அழுத்தினாலும் அவை வேலை செய்யா. 2 என்றால் நான், 5 என்றால் திருவிதாங்கோட்டிலிருக்கும் என் லாத்தா, 8 என்றால் காக்கா. கூலி 150 ரூபாய் வாங்கினார். நான் துஆ செய்து கொடுத்து அனுப்பினேன். அன்று எனக்குக் கம்பெனியின் நிபந்தனை நினைவுக்கு வரவில்லை!

வாசக அன்பர்களே, தன் வீட்டுக்கு ஒரு சட்டமும் கேட்க வந்தவனுக்கு வேறொரு சட்டமும் சொல்லுகிறவனிடம் மக்கள் மஸ்அலா கேட்பது ஆபத்து. ஆகவே இந்த விஷயத்தைச் சரியாகப் படித்துப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன்.

செல்போனை அவரவருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளும் ஆசை புதிதன்று. 1998இல் நோக்கியா கம்பெனி 5110 என்ற போனைக் கொண்டு வந்தது. அதன் முகப்பு மூடியை நகத்தால் கழற்றி, வேறு நிற மூடியை நாமே மாட்டிக்கொள்ளலாம். இது வெறும் சட்டை மாற்றுவது போன்றது. 2003இல் அதே கம்பெனி 1100 என்ற போனைச் செய்தபோது வேறு வழியில் சிந்தித்தது. நம்மைப் போன்ற நாடுகளில் மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும், தூசி அதிகம், கை வியர்க்கும் என்பதையெல்லாம் கணக்கில் கொண்டு, தலையில் ஒரு டார்ச் விளக்கு, தூசி புகாத பொத்தான் விரிப்பு, கையில் வழுக்காத ஓரம் ஆகியவற்றை வைத்தார்கள். அது உலகில் 25 கோடிக்கு மேல் விற்றது. சுப்ஹு வக்தில் அந்த விளக்கை அடித்துக்கொண்டு சந்து வழியே பள்ளிக்கு வந்த பெரியவர்களை என் சிறு வயதில் பார்த்திருக்கிறேன்.

பிறகு 2013இல் டேவ் ஹேக்கன்ஸ் என்ற டச்சு நாட்டு வாலிபர் ஒரு யோசனையை வெளியிட்டார். போன் என்பது ஒரே கட்டையாக ஏன் இருக்க வேண்டும்? கேமரா ஒரு துண்டு, பேட்டரி ஒரு துண்டு, திரை ஒரு துண்டு என்று இருக்கட்டும். கெட்டுப்போன துண்டை மட்டும் மாற்றலாம். முழுப் போனையும் குப்பையில் எறிய வேண்டாம். இதற்கு அவர் போன்பிளாக்ஸ் என்று பெயர் வைத்தார். அதே வருட அக்டோபரில், அப்போது கூகுளின் கையிலிருந்த மோட்டரோலா கம்பெனி, தாங்களும் இதே வழியில் முயன்று வருவதாக அறிவித்தது. அந்த முயற்சிக்குப் பெயர் ஆரா. ஒரு சட்டம், அதில் ஓட்டுப் பலகை போல் பொருந்தும் துண்டுகள், அவற்றைப் பிடித்துக்கொள்ள, ஒரு கணம் மின்சாரம் கொடுத்தால் பிடித்தும், மறு கணம் கொடுத்தால் விட்டும் விடுகிற விசேஷக் காந்தங்கள். கேட்பவர் வாய் பிளக்கும் திட்டந்தான்.

ஆனால் கடைக்கு வரவில்லை. 2015இல் போர்ட்டோ ரீக்கோ தீவில் விற்றுப் பார்ப்பதாக இருந்தது கைவிடப்பட்டது. 2016 மே மாதம் மறுபடியும் காட்டியபோது, திரையும் பேட்டரியும் மூளைச் சில்லும் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. சில்லறைத் துண்டுகளைத்தாம் மாற்றலாம் என்றார்கள். அதாவது எதைக் காப்பாற்றுவதற்காகத் திட்டம் பிறந்ததோ அதுவே அதில் இல்லை. அவ்வருடம் செப்டம்பரில் திட்டம் மூடப்பட்டது. துண்டுக்குத் துண்டு இணைப்பு வைத்தால் இடம் போகிறது, கனம் கூடுகிறது, விலை ஏறுகிறது என்பது ஒரு காரணம். மற்றொன்று, மூளைச் சில்லைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கவலை பெரும்பாலானோருக்கு இல்லை என்று அவர்கள் கண்டது. இதற்கிடையில் ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் ஃபேர்போன் என்ற சிறிய கம்பெனி 2015 முதல், காந்தமும் மாயமும் இல்லாமல், சாதாரணத் திருப்புளியால் கழற்றிப் பேட்டரியும் திரையும் மாற்றத்தக்க போனைச் செய்து விற்று வருகிறது. பெரிய கை தவறவிட்டதைச் சிறிய கை செய்தது.

நம்மவர்களுக்கென்றும் ஒரு பரிசோதனை நடந்தது. 2003இல் எல்.ஜி. கம்பெனி கிப்லாவைக் காட்டும் திசைகாட்டி வைத்த போனை வெளியிட்டது. 2004இல் துபாயிலிருந்து இல்கோன் என்ற போன் வந்தது. அதில் பாங்கு ஒலிக்கும், குர்ஆன் முழுவதும் இருக்கும். இப்போது எந்தப் போனிலும் அவை இலவசமாகக் கிடைப்பதால் தனிப் போனுக்கு அவசியமில்லாது போயிற்று. ஒரு செய்தியை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன். நாகர்கோவிலிலிருந்து கிப்லா நேர் மேற்கன்று; ஏறக்குறைய 24 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. போனிலுள்ள திசைகாட்டி காந்தத்தால் இயங்குவது. காந்தப் பூட்டு வைத்த மேலுறையை மாட்டிக்கொண்டு கிப்லா பார்க்கிறவர், அழகுக்காகச் செய்த மாற்றத்தால் தேவைக்காக இருந்ததைக் கெடுத்துக்கொள்கிறார். பள்ளிக்குள் வந்து மிஹ்ராபை நம்பாமல் போனை நம்பித் திரும்பி நின்ற ஒரு பிரயாணியை நானே பார்த்திருக்கிறேன்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'அல் முஸ்தஸ்ஃபா'வில் மனிதனுடைய நலன்களை மூன்று படிகளாக வைக்கிறார்கள்: இல்லாவிட்டால் வாழ்வு கெடும் ளரூரிய்யாத், இல்லாவிட்டால் சிரமமாகும் ஹாஜிய்யாத், இருந்தால் அழகாகும் தஹ்ஸீனிய்யாத். மேலே சொன்ன முயற்சிகளை இந்தப் படிகளில் வைத்துப் பார்த்தால், நிற மூடி எங்கே, டார்ச் விளக்கு எங்கே என்று உடனே தெரிகிறது. உயிர் காக்கும் முதற்படிக்கு உதாரணம் தேடி நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. 2017 நவம்பர் 29ஆம் தேதி இரவும் 30ஆம் தேதியும் ஒக்கி புயல் நம் கடலில் அடித்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பகுதிகளின் ஆட்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். அவர்களிடம் செல்போன் இல்லாமலில்லை. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் கோபுரத்தின் அலை எட்டுவதில்லை. செய்தி போய்ச் சேரவில்லை. எத்தனை குடும்பங்கள் அன்று ஆளை இழந்தன என்பதை இம்மாவட்டத்தாருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகு 2019 அக்டோபரில் மத்திய அரசு ஜெமினி என்ற சிறு கருவியை வெளியிட்டது. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து கொண்டு வந்தது. ககன் என்ற ஏற்பாட்டின் வழியே செயற்கைக்கோளிலிருந்து வரும் எச்சரிக்கையை அந்தப் பெட்டி வாங்கும்; வாங்கி, மீனவரின் சாதாரணச் செல்போனுக்கு புளூடூத் வழியே கொடுக்கும்; போன் அவர் மொழியில் காட்டும். போனையே புதிதாகச் செய்யவில்லை. அவர் மடியில் ஏற்கெனவே இருக்கும் போனுக்கு ஒரு காது வைத்தார்கள், அவ்வளவே. அதில் ஒரு குறையும் உண்டு: செய்தி வரும், இவர் பதில் அனுப்ப முடியாது. நடுக்கடலில் நிற்பவனுக்கு அது பெரிய குறைதான். இருந்தாலும் மனிதனின் தேவையிலிருந்து புறப்பட்டுப் போனை வளைத்த முயற்சி இது.

இனி அந்த வாலிபர் கேட்ட மஸ்அலாவுக்கு வருவோம். நான் செய்த தவறு இரண்டு பொருளை ஒன்றாகக் குழப்பியது. திறந்தால் கேரண்டி இல்லை என்று கம்பெனி எழுதுவது, திறக்காதே என்ற தடையன்று. "நீ திறந்தால் நான் இலவசமாகப் பழுது பார்த்துத் தரமாட்டேன்" என்று தன் வாக்கின் எல்லையைச் சொல்வது. அந்த நஷ்டத்தை அறிந்து ஒருவர் திறந்தால் அவர் யாருடைய ஹக்கையும் பறிக்கவில்லை. திறக்கவே கூடாது என்று ஒருவன் நிபந்தனை போட்டு விற்றாலும், விற்ற பொருளில் வாங்கியவனின் கையைக் கட்டுவது விற்பனையின் தன்மைக்கே முரணானது. அத்தகைய நிபந்தனைகளை நம் ஹனஃபி, ஷாஃபிஈ இமாம்கள் இருசாராரும் ஏற்பதில்லை. கிரயம் கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவனுடைய மில்க். அதை அறுக்கலாம், ஒட்டலாம், விற்கலாம். பேட்டரியை மாற்றி இரண்டு வருடம் கூடுதலாக உழைக்கச் செய்வது வீண்விரயத்தைத் தடுப்பதாகையால் நல்ல காரியமும்கூட. நம் அரசாங்கமும் 2022 டிசம்பரில், பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளத்தைத் தொடங்கியிருக்கிறது.

வாடிக்கையாளர் சொல்கிறபடி உறுப்புகளைப் பொருத்திப் புதிதாகச் செய்து கொடுப்பதானால் அதற்கு இஸ்திஸ்னாஉ என்று பெயர். பாதணியும் பாத்திரமும் சொல்லிச் செய்விப்பதைக் கொண்டு ஹனஃபி இமாம்கள் இதை அனுமதித்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் ஸலம் என்னும் முன்பண வியாபாரத்தின் ஷர்த்துகள் இதற்கும் வேண்டும். கரையோரத்து ஷாஃபிஈ சகோதரர்கள் தங்கள் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க. பழுது பார்க்கக் கொடுத்த போன், தொழிலாளி செய்த வேலையால் அல்லாமல், அவர் கையிலிருக்கும்போது கெட்டுவிட்டால் யார் பொறுப்பு? அலட்சியம் இல்லாவிட்டால் தொழிலாளி அமானிதக்காரரே, ஈடு கட்ட வேண்டியதில்லை என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூற்று. அவர்களுடைய மாணவர் இருவரும், தவிர்க்கவே முடியாத விபத்தாக இருந்தாலன்றி ஈடு கட்ட வேண்டும் என்றார்கள். இக்காலக் கடைகளுக்குப் பின்னதுதான் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். 'ஓன் ரிஸ்க்' என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டால் அலட்சியம் ஹலாலாகிவிடாது.

மறுநாளே அவர் கடைக்கு நடந்து போய், முந்தின நாள் சொன்னது தவறு என்று சொல்லி, இவற்றை விளக்கினேன். ஆனால் இரண்டு இடத்தில் கை வைக்கக்கூடாது என்றும் சொன்னேன். முதலாவது, ஒவ்வொரு போனுக்கும் உள்ள ஐ.எம்.இ.ஐ. என்ற 15 இலக்க எண். போன் உம்முடையது, அந்த எண் உம்முடையதன்று. "இது இன்ன போன்" என்று அது ஊருக்குச் சொல்லும் ஷஹாதத். அதை மாற்றுவது பொய்ச்சாட்சி. 2009இல் எண்ணே இல்லாமல் வந்த சீனப் போன்களுக்கு, அவ்வருட டிசம்பர் முதல் இணைப்பு தரக்கூடாது என்று அரசாங்கம் உத்தரவிட்டது. ஏழைகள் காசு போட்டு வாங்கியது வீணாகக் கூடாதென்று, 199 ரூபாய்க்கு முறையான எண்ணைப் பதித்துக் கொடுக்கும் ஏற்பாட்டையும் அனுமதித்தது. எண்ணைப் பதிக்கும் வேலை ஒன்றுதான். பதிவேட்டில் உள்ளதைப் பதிப்பது உண்மை, திருட்டுப் போனில் வேறு போனின் எண்ணைப் பதிப்பது பொய். 2017இன் விதிகள் இதற்கு 3 ஆண்டு வரை சிறை என்றன. 2023ஆம் வருடத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறையோ 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு.

இரண்டாவது என்னவென்று நான் தொடங்குமுன்பே அவர் தலை குனிந்துவிட்டது. "அதைக் கேக்கத்தான் ஹஸ்ரத் நேத்து வந்தேன்" என்றார்.

விஷயம் இதுதான். வாரத்தில் ஐந்து நாள் வெளியூரில் வேலை பார்க்கும் ஒருவர், மனைவிக்கென்று புதுப் போன் வாங்கி வந்து, "இதைக் கொஞ்சம் கஸ்டமைஸ் பண்ணித் தாங்க" என்றாராம். அவர் கேட்ட மாற்றம், மனைவிக்கு வரும் செய்திகளும் அழைப்பு விவரங்களும் அவளுக்குத் தெரியாமல் தமக்கும் வந்து சேரும்படி மறைவான ஒரு சாஃப்ட்வேரைப் போடுவது. 2,000 ரூபாய் கொடுத்தார். இவரும் போட்டுக் கொடுத்துவிட்டார். "அப்போ போன் அவருக்க பொருள்தானே ஹஸ்ரத்? இன்னும் அந்தப் புள்ள கையில போகலியே?" என்று தம் மனத்தைச் சமாதானம் செய்துகொண்டதாகச் சொன்னார். தூக்கம் மட்டும் வரவில்லை.

கேள்வி லேசானதன்று. மாற்றம் செய்த நேரத்தில் அது கணவருடைய மில்க் என்பது உண்மை. ஆனால் அன்பளிப்பு கைக்குப் போய்ச் சேர்ந்த நிமிடத்தில் அது மனைவியுடையதாகிவிட்டது. நம் மார்க்கத்தில் மனைவியின் பொருள் மனைவியுடையதே. குறையை மறைத்துப் பொருளைக் கொடுப்பது விற்பனையில் மோசடி என்றால் அன்பளிப்பில் மட்டும் எப்படி ஆகும்? அது போகட்டும். போன் கணவருடையது என்றே வைத்துக்கொண்டாலும், அதற்குள் வருவதெல்லாம் அவருடையதா? அவளுடைய உம்மா தம் நோயைப் பற்றிச் சொல்வார்கள். லாத்தா தம் குடும்பக் கஷ்டத்தைச் சொல்வார்கள். தோழி தம் ரகசியத்தைச் சொல்வாள். இவர்களெல்லாம் அவளிடம் அமானிதம் வைத்தார்களேயன்றி இவரிடம் வைக்கவில்லை. அந்தரங்கத்தைத் துருவுவதை மார்க்கம் விலக்கியிருப்பதில் கணவனுக்கு விதிவிலக்கில்லை. சந்தேகம் வந்தால் அதைப் பேச வழிகளை மார்க்கம் வைத்திருக்கிறது. நாட்டுச் சட்டமும் அனுமதியின்றி ஒருவரின் கருவிக்குள் நுழைவதைக் குற்றமாக்கியிருக்கிறது. கணவன் மனைவி வழக்கில் மறைவாகப் பதிந்த பேச்சையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததைச் சிலர் எடுத்துக் காட்டுகிறார்கள். கோர்ட்டு ஒரு சாட்சியத்தை ஏற்பது வேறு. அதைத் திரட்டிய செயல் நமக்கு ஆகுமானதாவது வேறு.

ஹுக்மு தெளிவு. செய்துவிட்டதற்கு என்ன வழி என்பதில்தான் நான் திணறினேன். அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னால் ஒரு குடும்பம் உடையலாம். சொல்லாமலிருந்தால் ஒவ்வொரு நாளும் அந்தத் துருவல் நடந்துகொண்டிருக்கிறது, அதில் இவர் கை இருக்கிறது. மூத்த ஆலிம்கள் இருவரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். ஒருவர், அதை எடுத்துவிட்டால் போதும், மறைப்பதே நலம் என்றார். மற்றவர், அநீதி இழைக்கப்பட்டவளுக்கு அறியும் ஹக்கு உண்டு என்றார். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. முடிவில் நான் வாலிபரிடம் சொன்னது இது: "கணவரைக் கூப்பிட்டு, வருகிற சனிக்கிழமைக்குள் போனைக் கொண்டு வரச் சொல்லும். வராவிட்டால், 'உங்கள் போனில் பழுது இருக்கிறது, கடைக்குக் கொண்டு வாருங்கள்' என்று அந்தப் பெண்ணுக்கே சொல்லி அனுப்பி, வந்ததும் உண்மையைச் சொல்லும். மனைவியிடம் ஒப்புக்கொள்வது கணவரின் கடமை. அதை நீர் சுமக்க வேண்டாம். ஆனால் அதை எடுப்பது உம் கடமை." இது முழுக்கச் சரிதானா என்று இன்றும் எனக்கு ஒரு நெருடல் உண்டு.

கணவர் போனில் கத்தினாராம். பிறகு சனிக்கிழமை மாலை தாமாகவே வந்து, போனை மேசை மேல் வைத்து, அது எடுக்கப்படும் வரை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். மனைவியிடம் சொன்னாரா என்று இவர் கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை. 2,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் வாங்கவில்லை. ஹராமான வேலைக்கு வாங்கிய கூலியை வைத்துக்கொள்ள வழியில்லாததால், நன்மையை நாடாமல், மருந்துக்குக் கஷ்டப்படும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்.

உம்மாவின் போனில் 8ஆம் பொத்தானின் ஒரு புள்ளி தேய்ந்துபோய்விட்டது. போன வாரம் காக்காவை அழைப்பதாக நினைத்து என்னை அழைத்துவிட்டு, "நீயா?" என்றார்கள். இந்த ஜுமுஆவுக்குப் பிறகு அவர் கடைக்குக் கொண்டு போக வேண்டும்.